இருட்டறை பேண்டுக்கு வெட்டவெளியில் என்ன வேலை? (நைன் இன்ச் நெய்ல்ஸ், 1988 முதல் இன்றுவரை)

#1 கரிப்புகை

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் 2013 லொல்லாபலூசா இசைவிழாவில் நைன் இன்ச் நெய்ல்ஸ் என்ற அமெரிக்க ராக் பேண்ட் வாசித்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு அது யூடியூபில் நேரலையாக வந்தது. சிகாகோவில் ஆகஸ்ட் 2, வெள்ளி இரவு. நமக்குச் சனிக்கிழமை காலை. காபியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன், அது ஆறி ஆடை படிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

அவ்வளவு பெரிய மேடையில் ஒன்றுமே இல்லை. பேண்டின் தலைவரும் பாடகருமான ட்ரெண்ட் ரெஸ்னர் தனியாக நடந்து வருகிறார், முன்னால் இருக்கும் ஒரு மெஷினைத் தட்டிவிட்டுப் பாட ஆரம்பிக்கிறார். சவுண்ட் செக்குக்கு வந்தவர் மாதிரி. பாட்டு போகப் போக மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கருவியோடு வந்து வரிசையில் நிற்கிறார்கள். அப்புறம் மேடை ஆட்கள் திரைகளைத் தள்ளிக்கொண்டு வந்து அவர்கள் முதுகுக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள். விளக்கு விழுந்ததும் ஒவ்வொருவரின் நிழலும் ஆளைவிடப் பெரிதாகத் திரையில் எழுகிறது. பாடிக்கொண்டிருப்பதே 'காப்பி ஆஃப் ஏ', நகலின் நகலைப் பற்றிய பாட்டு!

நான்கு வருஷம் மேடைப் பக்கமே வராத பேண்ட் அது. ஒரு வாரத்துக்கு முன்புதான், ஜூலை 26 அன்று, ஜப்பானில் நயேபா மலையடிவாரத்தில் ஃபூஜி ராக் விழாவில் கொட்டும் மழையில் முதல் கச்சேரி.

என் கேள்வி இதுதான். இந்த இசை இருட்டறையில், ஹெட்ஃபோனில், தனியாகக் கேட்கப் பிறந்தது. ஆனால் பேண்டின் பெரிய திருப்பங்களை எண்ணிப் பாருங்கள். 1991 முதல் லொல்லாபலூசா, 1994 வுட்ஸ்டாக், 2005 கோச்செல்லா, 2009 பொன்னரூ, 2013 ஃபூஜி ராக். எல்லாமே திறந்தவெளி இசைவிழாக்கள். புல்வெளி, வெயில், சேறு. இது தற்செயலா? 2013 திரும்பிவரவு அவர்களுடைய மேடை வாழ்க்கையின் உச்சம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

#2 பழைய கேசட்

தம்பி, 2013-இல் ஆரம்பித்தால் எப்படி? வேரைச் சொல்லாமல் கிளையைப் பேசக் கூடாது.

இடம் கிளீவ்லாண்ட். எஃகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுத் துருப்பிடித்துக்கொண்டிருந்த ஊர். பென்சில்வேனியாவின் மெர்சர் என்ற சின்ன ஊரிலிருந்து வந்த, பியானோ படித்த பையன் ரெஸ்னர். ரைட் டிராக் என்ற ஸ்டுடியோவில் எடுபிடி வேலை. தரை துடைப்பது, கழிவறை கழுவுவது உட்பட. ஸ்டுடியோ காலியாக இருக்கும் நேரத்தில் தன் பாட்டைப் பதிவுசெய்துகொள்ள முதலாளி அனுமதித்தார். நினைத்தபடி வாசிக்கும் ஆட்கள் கிடைக்கவில்லை, அதனால் அநேகமாக எல்லாவற்றையும் தானே வாசித்துக்கொண்டார். ஒரு மேக் கணினி, ஒலியைப் பதிந்து திரும்ப வாசிக்கும் ஒரு ஈமாக்ஸ் சாம்ப்ளர், சில சின்த் (மின்னணு கீபோர்டு). 1988-இல் அந்த டெமோ, 1989 அக்டோபரில் முதல் ஆல்பம் 'பிரிட்டி ஹேட் மெஷின்'.

மெஷின் இரைச்சலையே இசையாக்கும் இந்த வகைக்கு இண்டஸ்ட்ரியல் என்று பெயர். அந்தப் பெயர் அவருக்கு முந்தையது. 1976-இல் லண்டனில் த்ராபிங் கிரிசில் குழு ஆரம்பித்த லேபிளின் (ரெக்கார்டு கம்பெனியின்) பெயரே இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ். பெர்லினில் ஐன்ஸ்டுர்ட்சென்டே நொய்பௌட்டன் தகரத்தையும் டிரில் மெஷினையும் வாத்தியமாக்கினார்கள். சிகாகோவில் மினிஸ்ட்ரி, வான்கூவரில் ஸ்கின்னி பப்பி. இவர்களிடமிருந்து இரைச்சலை எடுத்து, அதற்குள் சாதாரணக் காதல் தோல்விப் பாட்டை வைத்தவர் ரெஸ்னர். அதனால்தான் இண்டஸ்ட்ரியல் சுத்தவாதிகளுக்கு அவரைக் கண்டால் ஆகாது. எனக்கு அதனால்தான் பிடிக்கும்.

ஆக இது முதலில் பேண்டே இல்லை. ஒரு ஆள். மேடை ஏறுவதற்காகத்தான் ஆட்களைச் சேர்த்தார். நீ சொல்லும் அந்தக் காலி மேடைக் காட்சி இருக்கிறதே, ஒருவர் வந்து, மெஷினைத் தட்டி, பிறகு மற்றவர்கள் சேர்வது, அது பேண்டின் வரலாறேதான். இதை நீ கவனிக்காமல் விட்டது ஆச்சரியம்.

#3 கணக்குப்பிள்ளை

எல்லாம் சரி. 2009-இல் பொன்னரூ மேடையில் நின்று, அமெரிக்காவில் இதுதான் எங்கள் கடைசிக் கச்சேரி என்று சொன்னது யார்? இரண்டு மூன்று மாதத்தில் நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் என்று சின்ன அரங்குகளில் வாசித்தது யார்? செப்டம்பர் 10 அன்று லாஸ் ஏஞ்சலஸ் வில்டர்ன் அரங்கில் இன்னொரு "கடைசி". பிரியாவிடை விருந்தை ஒரே வருஷத்தில் இத்தனை பந்தி போட்டவரை நான் பார்த்ததில்லை. டூருக்குப் பெயரே 'வேவ் குட்பை' வேறு.

2007-இல் ரெக்கார்டு கம்பெனிகளைக் கழுவி ஊற்றியவரும் இவர்தான். சிட்னி மேடையில், என் ஆல்பத்துக்கு இங்கே அநியாய விலை வைக்கிறார்கள், திருடிக்கொள்ளுங்கள் என்றார். தன் கம்பெனியான இன்டர்ஸ்கோப்பை விட்டு வெளியேறினார். 2013-இல் திரும்பி வரும்போது 'ஹெசிட்டேஷன் மார்க்ஸ்' ஆல்பம் எந்த லேபிளில் வந்தது? கொலம்பியா. சோனியின் பெரிய கடை.

இசைவிழா என்பது பெரிய காசோலை. அதற்காக வந்தார்கள். நிழல், திரை எல்லாம் அப்புறம் சேர்த்த மசாலா.

#4 கரிப்புகை

@பழைய கேசட்: அண்ணே, ஒப்புக்கொள்கிறேன். அது எனக்குத் தோன்றவேயில்லை. இனி அந்த வீடியோவை வேறு மாதிரிதான் பார்ப்பேன்.

@கணக்குப்பிள்ளை: 2009 பிப்ரவரியில் அவர் இணையத்தில் எழுதியது, கொஞ்ச காலம் இந்தப் பெயரை மறையவைக்கப் போகிறேன் என்ற பொருளில்தான். பொன்னரூவில் வாய் நீண்டது உண்மை. அதை நான் காப்பாற்ற மாட்டேன்.

காசு விஷயத்தில் மட்டும் ஒரு கணக்கு. 2008 மார்ச்சில் 'கோஸ்ட்ஸ்' ஆல்பம் வந்தபோது முதல் பகுதி இலவசம், மொத்தம் 36 துண்டுகளும் 5 டாலர், யாரும் பகிர்ந்துகொள்ளலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். கையெழுத்துப் போட்ட 300 டாலர் பெட்டி 2,500 மட்டும். சில நாளில் தீர்ந்தது. அதில் மட்டும் ஏழரை லட்சம் டாலர், நடுவில் லேபிள் இல்லை. இரண்டு மாதத்தில் 'தி ஸ்லிப்' ஆல்பம் முழுதும் இலவசம். காசு மட்டும் குறி என்றால் அந்த வழியிலேயே போயிருக்கலாம். நடுவில் தன் இசைக்கூட்டாளி அட்டிகஸ் ராஸுடன் சேர்ந்து 'தி சோஷியல் நெட்வொர்க்' படத்துக்கு இசையமைத்து 2011-இல் ஆஸ்கரும் வாங்கியாகிவிட்டது. ஹாலிவுட்டில் ஏசி அறையில் உட்கார்ந்து சம்பாதிக்கலாமே, மலையடிவாரத்தில் மழையில் நனைவானேன்?

#5 சாலிடரிங் அயர்ன்

நான் லைவ் சவுண்ட், லைட்டிங் வேலை பார்ப்பவன். பாட்டைப் பற்றி நீங்கள் பேசுங்கள். மேடையைப் பற்றி நான் சொல்கிறேன்.

அரங்கு நிகழ்ச்சி என்றால் காலையிலேயே லாரி இறங்கும். டிரஸ் (விளக்கு தொங்கவிடும் உலோகச் சட்டம்) ஏற்றி, விளக்கு கட்டி, நிதானமாக சவுண்ட் செக் பார்ப்போம். இருட்டு நம் கையில். இசைவிழாவில் அது கிடையாது. முந்தைய குழு இறங்கி நாம் ஏறும் இடைவெளி பெரும்பாலும் ஒரு மணிக்குள். சவுண்ட் செக் கனவு, ஒவ்வொரு இணைப்பிலும் ஒலி வருகிறதா என்று பார்க்கும் லைன் செக் கிடைத்தாலே பாக்கியம். காற்று அடித்தால் மேலே தொங்கவிட்ட திரை பாய்மரம் ஆகிவிடும். சூரியன் இறங்காவிட்டால் விளக்கு எரிவதே தெரியாது.

ஒருமுறை கோயில் திருவிழா ஒன்றில் நிகழ்ச்சி சாயங்காலம் ஆறரை என்று சொல்லி, ஐந்தே காலுக்கே ஆரம்பித்துவிட்டார்கள். மேடை மேற்குப் பார்த்தது. வாடகைக்கு எடுத்த மூவிங் ஹெட் (சுழலும் விளக்கு) அத்தனையும் பகல் நிலாவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. காசு கொடுத்தவர் வந்து, லைட் போடவில்லையா என்று கேட்டார். என்ன பதில் சொல்ல?

இதே கதை நைன் இன்ச் நெய்ல்ஸுக்கு 1991-இல் நடந்தது. முதல் லொல்லாபலூசாவின் முதல் நாள், ஜூலை 18, அரிசோனா பாலைவன வெயில். பட்டப்பகல். மேடையில் கரண்டு போய்ப் போய் வந்தது. டிரம்ஸும் சின்த்தும் பாதிக்குப் பாதி மெஷினிலிருந்து வரும் பேண்டுக்குக் கரண்டு போனால் என்ன மிஞ்சும்? கித்தார் பேண்ட் என்றால் டிரம்மர் தட்டிச் சமாளிப்பார். இவர்கள் கருவிகளை அடித்து நொறுக்கிவிட்டு இறங்கிப் போனார்கள். ரவுடித்தனம் என்று பத்திரிகைகள் எழுதும். எனக்கு அதில் தெரிவது மேடைத் தொழிலாளியின் வயிற்றெரிச்சல்.

2013-க்கு வருவோம். சக்கரம் வைத்த திரை, கையால் தள்ளுவது, காலி மேடையில் ஆரம்பிப்பது. இதை முழுக்கக் கலை என்று பார்க்காதீர்கள். விழா மேடையின் அத்தனை குறைகளையும் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் கண்டுபிடித்த மாதிரி இருக்கிறது. மேடை மாற்றும் வேலையையே காட்சியாக்கிவிட்டார்கள். நிழல் விழ ஒரு விளக்கும் துணியும் போதும். தோல்பாவைக் கூத்து ஆடுகிறவருக்கும் இது தெரியும்.

#6 பூவரசு

எல்லோரும் 2013 என்கிறீர்கள். எனக்கு உண்மையான திரும்பிவரவு 2005தான்.

1999-இல் 'தி ஃப்ரெஜைல்' இரட்டை ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் வாரம் முதல் இடம். அடுத்த வாரம் 16-ஆம் இடம். ஐந்து வருஷம் காத்திருந்த ஆல்பத்துக்கு அந்த அடி. டூர் போகும்போதே குடியும் போதையும். 2000-இல் லண்டனில் கோகெய்ன் என்று நினைத்து ஹெராயினை உறிஞ்சிச் சாவின் விளிம்புவரை போனவர். அதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2001-இல் சிகிச்சைக்குப் போய்த் தெளிந்தார். அதன் பிறகு என்ன? தெளிந்த மண்டையில் பாட்டு வருமா என்ற பயம்.

அந்த இடைவெளியில் 2002-இல் மூத்த கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ், ரெஸ்னர் எழுதிய 'ஹர்ட்' பாட்டைப் பாடினார். எழுதியவருக்கே அது இனி தன் பாட்டு இல்லை என்று தோன்றிவிட்டது. நாற்பது வயதை நெருங்குகிறவருக்கு, தன் மிகச் சிறந்த பாட்டை எழுபது வயதுப் பெரியவர் இன்னும் நன்றாகப் பாடிவிட்டார் என்ற நிலைமை. அதற்குப் பிறகு 2005 மே 1, கலிபோர்னியாவில் கோச்செல்லா மேடையில் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்து நின்றார் பாருங்கள், அது திரும்பிவரவு. 2013 விடுமுறை முடிந்து ஆபீஸுக்கு வந்த மாதிரி. பிழைத்து வருவது வேறு.

#7 கரிப்புகை

பூவரசு அக்கா, மனிதரின் திரும்பிவரவு 2005 என்றால் மறுக்க மாட்டேன். நான் சொல்வது மேடையைப் பற்றி. 2005-இல் அவர்கள் சத்தமாக, வேகமாக, ராக் பேண்டாக வந்தார்கள். 2013-இல்தான் மெஷின் முன்னுக்கு வந்தது. பழைய பாட்டுகளைக்கூடப் பிரித்து மறுபடி கோத்தார்கள்.

#8 பழைய கேசட்

வுட்ஸ்டாக்கை யாரும் தொடவில்லையே. 1994 ஆகஸ்ட் 13, நியூயார்க் மாநிலம் சாகர்ட்டீஸ். மூன்று லட்சத்துக்கு மேல் கூட்டம், மழை, முழங்கால் சேறு. மேடைக்குப் போகும் வழியில் ரெஸ்னர் விளையாட்டாகக் குழுவின் டேனி லோனரைச் சேற்றில் தள்ளிவிட, அது ஆளுக்கு ஆள் கட்டிப் புரளும் சண்டையாகி, ஐந்து பேரும் தலை முதல் கால் வரை சேறு பூசியபடி மேடை ஏறினார்கள். திட்டமிட்ட வேடம் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். வாசிப்பு மோசம்தான். கண்ணில் சேறு, கித்தார் கழுத்தில் சேறு, சுருதி எங்கேயோ. ஆனால் கட்டணம் கட்டி டிவியில் பார்த்த அமெரிக்கா மறுநாள் பேசியது அதைப் பற்றித்தான். அந்த மேடையில் பதிவான 'ஹாப்பினெஸ் இன் ஸ்லேவரி' 1996-இல் சிறந்த மெட்டல் நிகழ்த்தலுக்கான கிராமி வாங்கியது!

'தி டவுன்வர்ட் ஸ்பைரல்' வந்து அப்போது ஐந்து மாதம். 1994 மார்ச் 8 அன்று வந்த ஆல்பம். அதே நாளில் சவுண்ட்கார்டன் பேண்டின் 'சூப்பர் அன்னோன்'. விற்பனைப் பட்டியலில் அவர்களுக்கு முதல் இடம், இவர்களுக்கு இரண்டாம் இடம். இருபது வருஷம் கழித்து 2014 கோடையில் இரண்டு பேண்டும் சேர்ந்தே டூர் போனார்கள்.

விழா மேடை எல்லாம் வெற்றி என்று நினைக்காதே தம்பி. 1991-லேயே ஐரோப்பாவில் கன்ஸ் அண்ட் ரோசஸுக்கு முன்னால் வாசித்துக் கூட்டத்தின் வசவை வாங்கிக்கட்டிக்கொண்டார்கள். மேடைக்குச் சாசேஜ் பறந்து வந்ததை ரெஸ்னரே சிரித்துக்கொண்டு சொல்வார். 1995-இல் தலைகீழ். டேவிட் போவியுடன் டூர். இவர்கள் முடித்ததும் இளவட்டக் கூட்டத்தில் ஒரு பகுதி எழுந்து போய்விடும், போவி மிச்சம் இருப்பவர்களுக்குப் பாடுவார். நடுவில் இரண்டு குழுவும் கலந்து சில பாட்டு வாசித்தார்கள். 'ஹர்ட்' பாட்டை போவியும் ரெஸ்னரும் சேர்ந்து பாடிய பதிவு கிடைத்தால் விடாதே.

#9 புதுசு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எதில் ஆரம்பிப்பது? எல்லாம் ஒரே சத்தமாக இருக்குமோ என்று பயம்.

#10 பூவரசு

'தி ஃப்ரெஜைல்'. ஹெட்ஃபோனில். அவசரப்படாமல். சத்தம் பாதிதான், மீதி மௌனம்.

#11 கணக்குப்பிள்ளை

இல்லை, முதலில் 'பிரிட்டி ஹேட் மெஷின்'. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், நஷ்டம் கம்மி. (விமர்சிக்கிறேன் என்பதற்காகக் கேட்காதவன் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு கோபம்.)

2013-இல் இன்னொன்று. முதலில் அறிவித்த குழுவில் கித்தார் கலைஞர் ஏட்ரியன் பெலூவும் பேஸ் கித்தார் கலைஞர் எரிக் ஏவரியும் இருந்தார்கள். டூர் ஆரம்பிக்கும் முன்பே இருவரும் விலகிவிட்டார்கள். பெலூ என்ன சாதாரண ஆளா? டாக்கிங் ஹெட்ஸ் பேண்டின் 'ரிமெய்ன் இன் லைட்' ஆல்பத்தில் வாசித்தவர், 'தி டவுன்வர்ட் ஸ்பைரல்' ஆல்பத்திலும் உண்டு. அவரையே வைத்துக்கொள்ள முடியாத பேண்டை உச்சம் என்கிறீர்கள்.

#12 பழைய கேசட்

அந்தப் பெயரை எடுத்ததற்கு நன்றி, கணக்கு. பேண்டின் முத்திரையில் கடைசி 'என்' எழுத்து திரும்பி நிற்குமே, அதற்குத் தூண்டுதல் அதே 'ரிமெய்ன் இன் லைட்' அட்டையின் எழுத்துதான். 2013 மேடைக்கு ரெஸ்னர் முன்மாதிரியாகச் சொன்னது டாக்கிங் ஹெட்ஸின் கச்சேரிப் படம் 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்'. அதிலும் பாடகர் டேவிட் பர்ன் காலி மேடைக்குத் தனியாக ஒரு டேப் ரெக்கார்டரோடு வருவார், பிறகு பாட்டுக்கு ஒருவராகச் சேர்வார்கள். பெலூ போனார், அந்த நிழல் போகவில்லை.

#13 சாலிடரிங் அயர்ன்

ஆள் போய் வருவது இந்த பேண்டுக்குப் புதிதா? கித்தார் வாசிக்கும் ராபின் ஃபிங்க் கணக்கே தனி. 1994-இல் வந்தார், போனார், கன்ஸ் அண்ட் ரோசஸில் இருந்தார், திரும்ப வந்தார், இன்றும் இருக்கிறார். 2013 கோடையில் ரெஸ்னரோடு ஃபிங்க், கோர்ட்டினி, ஐலன் ரூபின், ஜோஷ் யூஸ்டிஸ். விழாக்கள் முடிந்து இலையுதிர்காலத்தில் அரங்குகளுக்குப் போனபோது பேஸ் கித்தாருக்குப் பினோ பல்லடினோ, பின்பாட்டுக்கு லிசா ஃபிஷர். பல்லடினோ வாசிப்பில் பழைய பாட்டுக்கே இடுப்பு முளைத்தது. என்னைக் கேட்டால் உச்சம் அது. ஆக மூன்று பேருக்கு மூன்று உச்சம். இழை நீளும்.

#14 கரிப்புகை

நீளட்டும். 2020-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். கொரோனா காலம், கூடவும் முடியவில்லை, வாசிக்கவும் முடியவில்லை. அந்தக் குறையை 2022 செப்டம்பர் 24 அன்று தீர்த்தார்கள், கிளீவ்லாண்டுக்குப் பக்கத்தில் ப்ளாசம் திறந்தவெளி அரங்கில். கிரிஸ் வ்ரென்னா, டேனி லோனர், சார்லி கிளௌசர், ரிச்சர்ட் பாட்ரிக் என்று பழைய ஆட்கள் மேடை ஏறினார்கள். பாட்ரிக் பிரிந்துபோய்த் தொடங்கிய ஃபில்டர் பேண்டின் 'ஹே மேன் நைஸ் ஷாட்' பாட்டை நைன் இன்ச் நெய்ல்ஸ் மேடையிலேயே பாடினார். அன்று இவர்களுக்கு முன்னால் வாசித்த குழுக்களில் ஒன்று மினிஸ்ட்ரி. ஊருக்குத் திரும்பிய பிள்ளை பழைய சண்டைக்காரர்களையெல்லாம் பந்திக்கு அழைத்த மாதிரி.

அதே வருஷம் மே மாதம் பாஸ்டன் காலிங் விழாவில், டிரம்மர் டெய்லர் ஹாக்கின்ஸ் மறைவால் ஃபூ ஃபைட்டர்ஸ் பேண்ட் வர முடியாத இடத்தில் இவர்கள் வாசித்தார்கள். மறுநாள் ஸ்ட்ரோக்ஸ் குழுவில் கோவிட். அந்த இடத்திலும் இவர்களே. இருட்டறை பேண்ட், விழா நடத்துபவர்களுக்கு ஆபத்பாந்தவன் ஆகிவிட்டது.

#15 கணக்குப்பிள்ளை

அதை நான் மெச்சுகிறேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி சொல்ல மாட்டேன்.

ஆனால் 2025 கூத்து? ஃபூ ஃபைட்டர்ஸ் மே மாதம் டிரம்மர் ஜோஷ் ஃப்ரீஸை அனுப்பிவிட்டது. ஜூலையில் இவர்களுடைய டிரம்மர் ஐலன் ரூபின் இங்கிருந்து ஃபூ ஃபைட்டர்ஸுக்குப் போனார். ஆகஸ்டில் அமெரிக்கச் சுற்று ஆரம்பிக்கும் முன் ஃப்ரீஸ் இங்கே வந்துவிட்டார். 2005 முதல் 2008 வரை இங்கே இருந்தவர்தான். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம் போல இருக்கிறது.

#16 சாலிடரிங் அயர்ன்

சில நாள் ஒத்திகையில் அத்தனை பாட்டையும் தூக்கி நிறுத்தினாரே ஃப்ரீஸ், அதைப் பேசுங்கள். 'பீல் இட் பேக்' என்ற அந்த 2025 சுற்றில் கூட்டத்தின் நடுவே இரண்டாவது சின்ன மேடை வேறு. ஜூன் மாதம் டப்ளினில் ஆரம்பித்தார்கள். நடுமேடையில் சின்த்தும் சீக்வென்சரும் (தாளத்தைத் தானே ஓட்டும் மெஷின்) மட்டும், ஜெர்மன் டிஜே பாய்ஸ் நாய்ஸும் கூடச் சேர்ந்து. 2013-இல் ஒரு பாட்டுக்குச் செய்ததை இப்போது கச்சேரியின் ஒரு பகுதி முழுக்கச் செய்கிறார்கள். திரை மட்டும் அரங்குக்கு ஏற்ற மாதிரி மெல்லிய துணி. அதே நிழல் வித்தை.

#17 புதுசு

'தி ஃப்ரெஜைல்' முதல் டிஸ்க் பஸ்ஸில் கேட்டு முடித்தேன். இறங்கவேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிவிட்டேன். அப்புறம் வுட்ஸ்டாக் வீடியோவும் பார்த்தேன். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். சேற்றுக் கையோடு அந்த கீபோர்டை அத்தனை அடி அடிக்கிறார்களே, பிறகு அதை எப்படிக் கழுவியிருப்பார்கள்?

#18 சாலிடரிங் அயர்ன்

கழுவக் கூடாது தம்பி. முதலில் கரண்டைப் பிடுங்கு. சேறு காயும்வரை தொடாதே, ஈரத்தில் தேய்த்தால் கட்டைக்கு அடியில் இன்னும் உள்ளே போகும். காய்ந்ததும் கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பிரஷ்ஷால் உதிர்த்து, கான்டாக்ட் ரப்பரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைக்கவேண்டும். 61 கட்டைக்கு ஒரு நாள் பிடிக்கும். அப்புறமும் நடுவில் இரண்டு கட்டை வேலை செய்யாது.

#19 புதுசு

தம்பி இல்லை அண்ணா, தங்கச்சி. இரண்டாவது டிஸ்க் போடுகிறேன். இந்தத் தடவை வீட்டில் உட்கார்ந்து.